சாத்தமுதுப் பதம்

இன்று காலை மசாலாத்தூள் பொட்டலம் ஒன்றைக் கத்தரித்தபோது மிளகு நெடி மூக்கில் ஏறியது. தும்மினேன். "தீர்க்காயுசு" என்று சொல்ல அடுத்த மேசையில் நீ இல்லை. அடுத்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டேன்.

தென்னூரில் இந்த உணவுப் பரிசோதனைக் கூடத்தில் நாம் ஒரே நாளில் சேர்ந்தோம். நான் கே.கே. நகரிலிருந்து வருவேன், நீ ஸ்ரீரங்கத்திலிருந்து. வீட்டுக்குள் முட்டையைக்கூட நுழையவிடாத நீ, கோழிக்கறி மாதிரிகளை என்னைவிடச் சுத்தமாக நறுக்குவாய். சால்மோனெல்லா கிருமி இருக்கிறதா என்று பார்க்கப் பழைய முறையில் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். சிவப்புத் தட்டில் கிருமி வளர்ந்து நடுவே கறுப்பாகத் தெரிந்தால், "திருஷ்டிப் பொட்டு வச்சுடுத்து" என்பாய். ஆனால் அந்த ஒரு வாரம் உனக்கு ஆகவே ஆகாது.

"நாம ரிசல்ட் கொடுக்கறதுக்குள்ள சாப்பிட்டவாளுக்கு ஜீரணமே ஆயிடறதுடி!"

மறுநாளே முடிவு சொல்லும் இயந்திரம் வந்தபோது அதிகம் குதித்தவள் நீதான். அதை நம்பலாம் என்று முதலில் நிரூபிக்க வேண்டும். நாமே கிருமியைக் கலந்த மாதிரிகளை இரண்டு முறைகளிலும் சோதித்தோம். பால், கறி, இனிப்பு எல்லாம் ஒத்துப்போயின. மிளகு மசாலாவில் மட்டும் தட்டு 'உண்டு' என்றது, இயந்திரம் 'இல்லை' என்றது.

"மசாலாவை விட்டுட்டு மத்ததுக்கு மட்டும் மெஷின் சரின்னு எழுதிடலாமே" என்றார் மேலாளர்.

"திருச்சியில மசாலா இல்லாம யார் சார் சாப்பிடறா?" என்று கேட்டாய். அவர் காபி குடிக்கப் போய்விட்டார்.

அதற்குள் நீ ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாய். போனில் நான் புலம்பியதைக் கேட்டுச் சிரித்தாய். "குழம்பு மாதிரி கெட்டியா கரைச்சா மிளகு மெஷினைச் சும்மா விடுமா? சாத்தமுது மாதிரி நீர்க்கக் கரைடி." ரசத்துக்கு உங்கள் வீட்டுப் பெயர் அது. அப்படியே கரைத்தேன். மறுநாள் இயந்திரத்தில் 'உண்டு' என்று கோடு ஏறியது. உடனே உன்னைக் கூப்பிட்டேன். உனக்கு மூச்சு வாங்கியது.

"தட்டும் சொல்லட்டும். ரெண்டும் ஒத்துப்போனா கூப்பிடு."

தட்டுகள் கிருமி வளர்க்கும் சூட்டுப்பெட்டியில் இருக்கும்போதே உன் அண்ணன் போன் செய்தார்.

காவிரிப் பாலம் தாண்டி வந்து உன்னைப் பார்த்தேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை, எனக்கு என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. துக்க வீட்டில் 'போயிட்டு வரேன்' என்று சொல்லக் கூடாதே, பேசாமல் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் வேலைக்கு வந்து சூட்டுப்பெட்டியைத் திறந்தேன். மசாலாத் தட்டு முழுக்கப் பொட்டு. போனை எடுத்து உன் பெயர்வரை போனேன். பிறகு அதை வைத்துவிட்டுக் கை கழுவினேன்.

இப்போது மசாலாவுக்கும் மறுநாளே முடிவு சொல்கிறோம். உன்னைப் பார்த்தேயிராத பெண்கள்கூட, "அக்கா, இது சாத்தமுதுதானே?" என்று கேட்டுத்தான் கரைக்கிறார்கள். நானும் ஆமாம் என்கிறேன். இயந்திரம் 'உண்டு' என்றால், உறுதி செய்துகொள்ளத் தட்டிலும் வளர்க்கிறோம். பொட்டு தெரிந்ததும், சூட்டுப்பெட்டியின் கதவைச் சாத்துவதற்கு முன் யாருக்கும் கேட்காமல் உள்ளே பார்த்துச் சொல்கிறேன்.

"ரெண்டும் ஒத்துப்போச்சுடி."