அப்பா சொன்ன ஓம்

பாப்பாமோட்டை
25.10.2012

அன்பு மகள் கிருஷாந்தினிக்கு,

கேதீச்சரத்தான் துணையால் நீயும் மருமகனும் அந்தக் குளிருக்குள் சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அதற்குள் இரண்டு தடவை எழும்பிப்போய் குசினியில் இருக்கும் மண்முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அதற்குள்தான் அப்பாவின் இன்சுலின் இருக்கிறது. இவ்வளவு நாளும் சந்திக்கடை அப்துல் ஹமீட் நானாவின் பிரிட்ஜில் வைத்திருந்தோம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவர் முசலிக்குப் போகிறார், கடை நாலு நாள் பூட்டு. மருந்தை ஈரத்துணியில் சுற்றித் தானே கொண்டுவந்து தந்து, "வெக்கை படாமப் பாத்துக்கொள்ளுங்கோ அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். மணிக்கொரு தடவை தண்ணீர் மாற்றுகிறேன், அந்தத் தண்ணீரே சுடுகிறது. மருந்து பழுதானால் கண்ணுக்குத் தெரியாதாம். நேற்று அப்பாவுக்குத் தலை சுற்றியது, மருந்தாலோ சாப்பாட்டாலோ தெரியவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது பிள்ளை.

ஊருக்குக் கரண்ட் வந்துவிட்டதே என்று கேட்பாய். வந்ததுதான், சிவலட்சுமி வீட்டுப் படலையோடு கம்பி நின்றுவிட்டது. அங்கிருந்து நம் வீட்டுக்கு இரண்டே இரண்டு போஸ்ட். போன மாசம் கரண்ட் இல்லாத வீடுகளின் விபரம் எடுக்க வந்த உத்தியோகத்தர் வீட்டில் வெளிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். உன் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஓம், இருக்கு" என்றார். எது? நாங்கள் திரும்பி வந்தபோது தந்த அந்தச் சோலர் தகடு! ஒரு பல்ப் எரியும், போனுக்குச் சார்ஜ் ஏறும், அவ்வளவுதான். அந்த மனுசர் நம் பெயரில் ஒரு கோடு கீறிவிட்டுப் போய்விட்டார். நான் கோழிக்கு இரை போட்டுக்கொண்டு பேசாமல் நின்றேன், அது என் பிழை.

வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன், மனம் வரவில்லை. இருபது வருஷம் இந்திய முகாமில் வரிசையில் நின்று, எதைக் கேட்டாலும் "இல்லை ஐயா" என்று சொன்ன மனுசன். அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நீயும் நின்றாய். சொந்த வளவில் நின்று ஒரு தடவை ஓம் சொல்ல ஆசைப்பட்டுவிட்டார். இப்போது மின்சாரக் கந்தோருக்குப் போய்த் திருத்துவோம் என்றால், "இனி ஒருத்தருக்கு முன்னால போய் இல்லையெண்டு நான் சொல்லமாட்டன்" என்று முகத்தைத் திருப்புகிறார். வளவு அவர் பெயரில், கையெழுத்தும் அவர்தான் வைக்க வேண்டும். அடுத்த மாசக் கடைசியோடு பட்டியலை மூடுகிறார்களாம்.

இதைப் போனில் சொல்ல முடியாது, பக்கத்திலேயே நிற்பார். அதுதான் கடிதம். நீ நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. கடவுள் உங்கள் இருவரையும் நல்லாக வைத்திருப்பார். இது கிடைத்தவுடன் அப்பாவோடு கதை. வெளிச்சம் இருக்கா என்று மட்டும் கேட்காதே, உனக்கும் ஓம் என்றுதான் சொல்லுவார். ஊசி மருந்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேள்.

முட்டித் தண்ணீர் மாற்றப் போகும்
உன் அம்மா
சிவபாக்கியம்