ஆக்லாந்தில் அடித்த மாலை மணி

அன்புள்ள தவிதா மாமாவுக்கு,

சமோவாவில், நம் சவாயித் தீவில் நீங்களும் அத்தையும் சுகமாயிருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையுமில்லை.

இங்கே நம் சபைப் பெண்களின் சமையல் கூடத்துக்கு அரசாங்க உதவி கேட்டுப் போனோம். பேச ஐந்தே நிமிடம். மூப்பர் தூயலா முறைப்படி அதிகாரிகளின் ஊர் மலை, ஆறு, முன்னோர் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வாழ்த்திக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்ததென்று மணி அடித்துவிட்டார்கள். சிரிக்காதீர்கள்! ஊர்ப் பழக்கம், சாயங்கால ஜெப மணி என்று நாங்கள் அத்தனை பேரும் தலைகுனிந்து கண்ணை மூடிவிட்டோம். மூப்பர் ஜெபமே தொடங்கிவிட்டார். பாவம், அதிகாரிகளும் தலைகுனிந்தார்கள்.

ஆமென் சொன்னதும் அதிகாரியம்மா, "அதெல்லாம் சரி, நீங்க என்னதான் செய்யறீங்க?" என்றார்.

"தனியாச் சாப்பிடற பெரியவங்க வீட்டுக்குச் சமைச்சு எடுத்துட்டுப் போய், கூடவே உக்காந்து சாப்பிடறோம்" என்றேன்.

உதவி கிடைத்துவிட்டது. "இது முதல்ல யாருக்குத் தோணுச்சு?" என்று கேட்டார். நான் கை தூக்கினேன். எப்படித் தோன்றியது, நான் யாரோடு சாப்பிடுகிறேன் என்று கேட்கவில்லை; நல்லவேளை.

வறுத்த கொக்கோ கொஞ்சம் அனுப்புங்கள். பஸ் வந்துவிட்டது. ஒருநாள் ஊரில் சாயங்கால மணி அடிக்கிற நேரத்தில் போன் போடுங்கள். பேசக்கூட வேண்டாம், மணிச் சத்தம் கேட்கிற மாதிரி அப்படியே பிடித்துக்கொண்டிருங்கள்.

உங்கள் சலைலா