கல்யாணமான நாளிலிருந்து வயிற்றுவலி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரியும் குழந்தைகளும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சின்னவனுக்கு முன்பல் விழுந்து, பேச்சைவிடக் காற்றுதான் அதிகம் வருகிறதாம். அம்மா போனில் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இப்போதெல்லாம் நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். வீட்டு விலாசத்துக்கே அனுப்புகிறேன். உன் ஆபீஸுக்கு அனுப்பினால் இதற்கும் ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் போட்டு ஓரமாக வைத்துவிடுவார்கள்.

உன் மச்சானுக்கு ஆபரேஷன் முடிந்து குடலில் இருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். அதுவரை உனக்குத் தெரியும். புற்றுநோய்தான், ஆனால் பரவவில்லை, மருந்து ஏற்றுவதை உடனே ஆரம்பித்தால் பிழைத்துக்கொள்வார் என்று பெரிய டாக்டர் சொன்னார். "உடனே" என்பதை அழுத்திச் சொன்னார். அந்த மருந்து இன்னும் ஒரு சொட்டுக்கூட ஏறவில்லை. உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிட்டது. பணத்தைக் கட்டினால்தான் மருந்து என்கிறது ஆஸ்பத்திரி.

காரணம் கேட்டால் உனக்கே சிரிப்பு வரும். சேர்த்த அன்று ஒரு சின்ன டாக்டரம்மா வந்து, எவ்வளவு நாளாக வயிற்றுவலி என்று கேட்டாள். இவரைப் பற்றித்தான் தெரியுமே. சில்லறை கேட்டால்கூட நக்கலடித்துவிட்டுக் கொடுக்கிற பஸ் கண்டக்டர். வலியில் சுருண்டு கிடந்தவர் என்னைக் கைகாட்டி, "இவளக் கட்டிக்கிட்ட நாள்லேர்ந்தே இருக்கு டாக்டர்" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்தப் பெண் நிமிரவே இல்லை. எத்தனை பேரைப் பார்த்துக் களைத்து வந்தாளோ. கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று கேட்டாள். பேச்சுக்குக் கேட்கிறாள் என்று நினைத்து, இருபத்திரண்டு என்று சொன்னேன். அதையே எழுதிவிட்டாள். இருபத்திரண்டு வருடமாக வயிற்றுவலி.

போதாதா உங்கள் ஆட்களுக்கு? பாலிசி எடுத்து ஆறு வருஷம், வலியோ இருபத்திரண்டு வருஷம், ஆகவே நோயை மறைத்துவிட்டார். பொய்யர். பணம் கிடையாது. பஸ்ஸில் யாராவது தவறவிட்ட குடையைக்கூட உரியவர் கையில் சேர்க்கிறவரைக்கும் தூங்காத மனுஷனுக்கு இந்தப் பட்டம்.

அந்த டாக்டரம்மாவைத் தேடிப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். தமாஷாகச் சொன்னதைத் தவறாக எழுதிவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கட்டி புதிது என்று பெரிய டாக்டரும் எழுதினார். இரண்டையும் அனுப்பினோம். முதலில் எழுதியதுதான் செல்லும், பிறகு வந்த திருத்தம் செல்லாது என்று பதில் வந்தது. நடுவில் உங்கள் ஆள் ஒருவர் விசாரணைக்கு வந்தார். வீட்டுக்குள் வரவில்லை, தெருமுனை மருந்துக்கடைக்குப் போனார். இவர் எப்போதாவது விருந்து சாப்பிட்டுவிட்டு வந்தால் செரிமான மாத்திரை வாங்குவார் என்று கடைக்காரர் வெள்ளந்தியாகச் சொன்னாராம். நீண்டகாலமாகச் சிகிச்சை பெற்றவர் என்று அதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

போன் செய்தால் ஒரு பெண் தேனாகப் பேசுகிறாள். "உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுதுங்க மேடம்" என்கிறாள். என்ன புரிந்ததோ. என் மகள் பரீட்சைக்குப் படிப்பதை விட்டுவிட்டு உங்கள் கம்பெனிக்குப் புகாருக்கு மேல் புகாராக எழுதினாள். கடைசியில், எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டு வந்ததாம். அன்றைக்குத்தான் அவள் முதல்தடவையாக அழுதாள்.

தம்பி, இந்தப் பாலிசியை எங்களுக்குப் போட்டுக்கொடுத்தது யார்? அப்போது நீ வீடு வீடாக அலைந்த ஏஜெண்ட். எங்கள் கூடத்தில் உட்கார்ந்து நீதான் விண்ணப்பத்தை நிரப்பினாய். ஏற்கெனவே ஏதாவது நோய் உண்டா என்று படித்தாய். "இருக்கே, உங்க அக்காதான்" என்றார் இவர். நீ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "இல்லை" என்று எழுதினாய். அன்று அது விளையாட்டு என்று தெரிந்த உனக்கு இன்று தெரியாமல் போய்விட்டதா? அன்று அக்காவை நோய் என்று ஏன் எழுதவில்லை? எழுதியிருந்தால் அந்த மாதக் கணக்கில் ஒரு பாலிசி குறைந்திருக்கும், அவ்வளவுதானே.

இப்போது நீ தலைமை ஆபீஸில், அதே பணம் கொடுக்கிற பிரிவில் இருக்கிறாய். "அந்த ஃபைல் என் டேபிளுக்கு வரலக்கா, சொந்தக்காரங்க விஷயத்துல தலையிட்டா என் வேலைக்கே வம்பு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். உன் வேலை போக வேண்டும் என்று எந்த அக்கா நினைப்பாள்? பணத்தை எடுத்துக் கொடு என்று நான் கேட்கவில்லை. அந்த விண்ணப்பத்தை நிரப்பியது நான், அந்த மனுஷனை எனக்குத் தெரியும், அவர் எதையும் மறைக்கவில்லை என்று உன் மேலதிகாரியிடம் போய்ச் சொல். உண்மையைச் சொன்னால் வேலை போகும் என்றால் அது என்ன ஆபீஸ்?

இங்கே மற்றபடி, பஸ் முதலாளி இவர் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார். அந்த ஆள் கடுகடுவென்று இருக்கிறானாம், பயணிகள் இவரைக் கேட்கிறார்களாம். இவருக்கு அதில் கொஞ்சம் பெருமை. உடம்பு பாதியாகிவிட்டது. குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

கம்பெனி மறுத்தது அவருக்குத் தெரியும். காரணம் தெரியாது. ஏதோ காகிதம் தாமதம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். "எங்க மாப்ள அந்தக் கம்பெனியிலதான் பெரிய ஆளு, அவன் பாத்துக்குவான்" என்று வார்டு முழுவதும் சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் குனிந்து போர்வையை மடிப்பேன். வேறு என்ன செய்ய?

உன்னால் முடியாது என்றால் ஒன்று மட்டும் செய். ஒருநாள் லீவு போட்டுவிட்டு இங்கே வா. அவர் சொன்ன ஒரு விளையாட்டு வார்த்தைக்காகத்தான் மருந்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அவர் முகத்தைப் பார்த்து நீயே சொல். என்னால் முடியாது. அதற்குப் பிறகு அவர் என்னைக் கிண்டல் செய்யவே மாட்டார். அந்த வீட்டில் நான் எப்படி இருப்பேன்?

இதை அம்மாவிடம் படித்துக் காட்டாதே. மாத்திரையை நேரத்துக்குக் கொடு.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் நான் தூக்கி வளர்த்த பிள்ளை நீ. நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். நோய் மட்டும் வந்துவிடக் கூடாது தம்பி. வந்தால் என்ன ஆகும் என்று என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

உன் பதிலுக்கு வாசலையே பார்த்திருக்கும்
அக்கா