எதிர் பால்கனியும் இரண்டாவது துப்பாக்கியும்

ஜூன் 3, செவ்வாய்

இன்று சுடும் பயிற்சியில் பிஸ்டல் காலை வாரிவிட்டது. இரண்டாவது குண்டு பாதியிலேயே சிக்கி நின்றது. தட்டினேன், இழுத்தேன், அசையவில்லை. பயிற்சி மைதானத்தில் சரி. தி.நகரில் என் நகைக்கடையைப் பூட்டிப் பையோடு காரில் ஏறும்போது இப்படி ஆனால்? பன்னிரண்டு வருஷமாக இந்தச் சனியனை இடுப்பில் செருகிக்கொண்டு பெரிய இவன் மாதிரி அலைந்திருக்கிறேன். முட்டாப்பய.

துணைக்கு இன்னொன்று வேண்டும். சின்னதாக. சட்டத்தில் இரண்டு வரைக்கும் இடம் உண்டு.

ஜூன் 9, திங்கள்

பேச்சியம்மாளிடம் சொன்னேன். "ஒண்ணு இருக்கும்போதே நீங்க தூங்க மாட்டேங்கிய. ரெண்டாவதும் வந்தா நான் எங்க படுக்க?" என்றாள். முப்பது வருஷம் மயிலாப்பூரில் குடித்தனம் பண்ணியும் திருநெல்வேலிப் பேச்சு போகவில்லை அவளுக்கு.

அவளிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. எதிர் ஃபிளாட்காரன். சித்திரையில்தான் குடிவந்தான். நான் காரிலிருந்து இறங்கும்போதெல்லாம் இரண்டாம் மாடி பால்கனியில் நிற்கிறான். கையில் போன் இல்லை, பேப்பர் இல்லை. என் முகத்தைப் பார்ப்பதில்லை. இடுப்பைப் பார்க்கிறான். வலது பக்கம், சட்டை புடைத்திருக்கும் இடத்தை. அங்கே இருப்பது இவனுக்கு எப்படித் தெரியும்? எவன் அனுப்பிய ஆள்?

ஜூன் 14, சனி

ஃபிர்தௌஸ் பாய் கடைக்குப் போனேன். பிஸ்டலை வாங்கியதும் அவரிடம்தான். துணி விரித்து மூன்று ரிவால்வரை வைத்தார். முதலாவது பைக்குள் நுழையாது. இரண்டாவது காகிதம் மாதிரி லேசு, ஆனால் சுட்டால் கை வலிக்கும் என்றார். மூன்றாவதுதான் சரி. குட்டைக் குழல், ஐந்து குண்டு, துணியில் மாட்டாதபடி, குண்டைத் தட்டி வெடிக்க வைக்கும் சுத்தியலை உள்ளே மறைத்திருக்கிறார்கள். ஒரு குண்டு வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் போதும், அடுத்தது வந்துவிடும். விசை மட்டும் கனம். மனசு வைத்து இழுக்க வேண்டும். பேன்ட் பையில் போட்டுப் பார்த்தேன். சாவிக்கொத்து மாதிரிதான் தெரிந்தது.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிற ஆளுக்கு இது எட்டுமா பாய்?" என்றேன்.

"அதுக்கு இது இல்ல அண்ணாச்சி. இது மூஞ்சிக்கு மூஞ்சி நிக்கறவனுக்கு. அவன் கிட்ட வர்ற வரைக்கும் நீங்க காத்துக்கினு இருக்கணும்."

எனக்காக எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. கிட்ட என்றால் எவ்வளவு கிட்ட?

ஜூலை 2, புதன்

இரண்டாவது துப்பாக்கிக்கு லைசன்ஸ் கேட்டு ஸ்டேஷனில் மனு கொடுத்தாயிற்று.

ஜூலை 20, ஞாயிறு

தெற்கு மாட வீதியில் காய்கறி வாங்கப் போயிருந்தேன். அவன் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தான். நான் ஒதுங்கிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பக்கத்தில் போனேன். இன்னும் பக்கத்தில். தோள் உரசுகிற தூரம். காலியான பேன்ட் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றேன் — எதற்கு? பாய் சொன்ன தூரத்தை அளந்து பார்க்கவா?

அவன் திரும்பினான். முகம் வெளுத்துவிட்டது. காயை அப்படியே போட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதக் கை கூசுகிறது, ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஸ்டேஷனிலிருந்து ஏட்டம்மா தேவானை வந்தார். என் மனுவுக்குத்தான் விசாரணை என்று நினைத்துப் பேச்சியைக் காபி போடச் சொன்னேன்.

"உங்க மனு இல்ல சார். எதிர் வூட்டு ஸ்ரீஹரி சார் துப்பாக்கி லைசன்ஸ் கேட்டுக்கீறாரு. அக்கம்பக்கத்துல விசாரிக்கணும். உங்களுக்கு எதுனா ஆட்சேபணை கீதா?"

அவருக்கு யாரால் ஆபத்தாம் என்று கேட்டேன். ஏட்டம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்களாலதான்னு சொல்றாரு. தெனம் கார்லேர்ந்து எறங்கி, அவரப் பாத்துக்கினே இடுப்புல கை வெக்கிறீங்களாம். மார்க்கெட்ல வேற பக்கத்துல வந்து நின்னீங்களாம்."

அவன் பாத்தான், அதனாலதானே நான் கை வச்சேன்? இல்ல, கை வச்சுக்கிட்டேதான் மேல பாத்தேனா? எது மொதல்ல? எனக்கே தெரியலையே.

ஏட்டம்மா காத்திருந்தார். ஆட்சேபணை என்று வாயைத் திறந்தால் அவன் சொன்னது உண்மையாகிவிடும். "நல்ல மனுஷர். எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றேன். கையெழுத்தும் போட்டேன். பேச்சி சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். வெட்கமாகப் போய்விட்டது.

ஆகஸ்ட் 25, திங்கள்

மனுவைத் திரும்பப் பெற்றேன். பிஸ்டலையும் ஸ்டேஷனிலேயே ஒப்படைத்துவிட்டேன். நகையை இனி கடை லாக்கரிலேயே வைத்துப் பூட்டச் சொல்லியாயிற்று.

"இப்பந்தான் எனக்கு மூச்சு வருது," என்றாள் பேச்சி.

சாயங்காலம் காரிலிருந்து இறங்கி, அவன் பார்க்கட்டும் என்று இரண்டு கையையும் வெளியே தொங்கவிட்டு நின்றேன். கொஞ்ச நேரம் பார்த்தான். உள்ளே போய்விட்டான்.

செப்டம்பர் 19, வெள்ளி

பால்கனியில் ஆள் இல்லை. நன்றாகத் தூங்குகிறேன்.

அக்டோபர் 30, வியாழன்

லஸ் முனையில் ஏட்டம்மாவைப் பார்த்தேன். "ஸ்ரீஹரி சாருக்கு லைசன்ஸ் வந்துடுச்சு சார். நீங்க நல்லபடியா சொன்னதாலதான் சட்டுனு முடிஞ்சுது," என்றார்.

நல்லது என்றேன்.

நவம்பர் 12, புதன்

இன்று பால்கனி காலியாக இருந்தது. அவன் எங்கள் கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். ஒரு கை பேன்ட் பையில். வழியை விட்டு நகரவில்லை. அவன் முகத்தை இவ்வளவு பக்கத்தில், அதில் பயமே இல்லாமல், நான் பார்த்ததே இல்லை.

"என்ன சார், ஆத்துல எல்லாரும் சௌக்கியமா?"

சௌக்கியம் என்றேன். சொல்லும்போதே முதுகு தானாக வளைந்தது. அவனைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வந்தேன்.

கேட்டுவிட்டுச் சிரித்தான். நல்ல மரியாதையான சிரிப்பு. பன்னிரண்டு வருஷமாகக் கடையிலும் தெருவிலும் நான் எல்லாரையும் பார்த்துச் சிரித்த சிரிப்பு அதுதான். எதிரில் நின்று பார்த்தால் எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது.