புகை நின்ற ஐந்தாம் நாள்

இன்று காலை குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது துண்டில் புகை வாசனை இல்லை. இரண்டு மாதமாகச் சட்டை, போர்வை, தலையணை எல்லாவற்றிலும் அந்த வாசனைதான். நீ போன பிறகு தோட்டத்து அடுப்பில் நானே வெந்நீர் வைக்கத் தொடங்கியதன் பலன். இதையெல்லாம் உன்னிடம்தானே சொல்ல முடியும், அதனால் எழுதுகிறேன்.

“விருத்தாசலத்துல தனியா எதுக்குப்பா? சென்னைக்கு வந்துடுங்க” என்றாள் மகள். மாட்டேன் என்றதும், ஹீட்டராவது வாங்கி அனுப்புகிறேன் என்றாள். அதுவும் வேண்டாமென்றேன். அந்த அடுப்பும் அணைந்துவிட்டால் காலையில் எழுந்திருக்க எனக்கு என்ன வேலை இருக்கிறது?

ஆனால் நான் மூட்டினால் அது புகைந்து தள்ளியது. முந்திரி விறகு ஈரமோ என்று மொட்டை மாடியில் காயப்போட்டேன். சன்னமாகப் பிளந்தேன். ஊதி ஊதி மூச்சு வாங்கியதுதான் மிச்சம். புகை மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கொடியில் கிடந்த துணிமேல் போய் உட்கார்ந்தது. ராணி விடுவிடென்று வந்துவிட்டாள்.

“ஏன் மாமா, முப்பது வருசம் செராமிக் கம்பெனியில சூளை எரிச்சவரு நீங்க. ஒரு வெந்நி அடுப்பு எரிக்கத் தெரியலையா? எங்க வூட்டுத் துணியப் பூரா மறுபடியும் தொவைக்க வேண்டியதா இருக்குது!”

திட்டிக்கொண்டே அவளும் குனிந்து ஊதிப் பார்ப்பாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு படியில் உட்கார்ந்து உன்னைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவாள். பத்து நிமிடம் போய்விடும். அநேகமாகத் தினமும் இதுதான் நடந்தது.

போன வாரம் வாழைக்குத் தண்ணீர் விடும்போது காலில் ஏதோ இடறியது. செங்கல் நீளத்தில் ஒரு பீங்கான் கட்டை, ஒரு பக்கம் முழுக்கக் கரி. சூளைக்குள் தட்டுகளைத் தாங்க வைப்போமே, அது. “சும்மா கெடந்தா ஒண்ணு எடுத்தாங்களேன்” என்று நீ கேட்டு, ஓரம் உடைந்து ஒதுக்கியதை நான்தான் கொண்டுவந்தேன். எதற்கென்று கேட்கவில்லை. உன் கருமாதிக்கு உறவுக்காரர்கள் வருகிறார்கள் என்று தோட்டத்தைச் சுத்தம் செய்தபோது, அடுப்புக்குள் என்னடா குப்பை என்று அதைத் தூக்கி எறிந்தவனும் நான்தான்.

அதைக் கழுவி, அடுப்புக்குள் குறுக்கே வைத்து, விறகை அதன்மேல் ஏற்றினேன். அடியில் காற்றுக்கு வழி கிடைத்தது. தீ மளமளவென்று பிடித்துக்கொண்டது, புகையே இல்லை. கரும்புகை வந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம் என்று கம்பெனியில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். நீ இருந்தவரை என் வீட்டு அடுப்புக்குள் ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

புகை நின்றது. ராணியும் வரவில்லை. சேத்தியாத்தோப்பில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருப்பாளோ என்று நினைத்தேன். இல்லை, மதிலுக்கு அந்தப் பக்கம் அவள் துணி உதறும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவள்மேல் குற்றமில்லை, சண்டைக்கு வரக் காரணம் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். நாலு நாளில் நான் வாய் திறந்து பேசியது பால்காரரிடம் மட்டும்.

இன்று ஐந்தாம் நாள். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? அந்தப் பீங்கான் கட்டையை அடுப்பிலிருந்து வெளியே இழுத்துவிடலாம் என்று கையை நீட்டினேன். கொஞ்சம் புகைந்தால் போதும், திட்டவாவது வருவாள்.

அப்போதுதான் உன் குரல் ஞாபகம் வந்தது. டீ வேண்டுமென்றால் நான் கேட்க மாட்டேன், சமையலறை வாசலில் நின்று தொண்டையைச் செருமுவேன். “வேணும்னா வாயத் தொறந்து கேளுங்களேன். நான் என்னா இல்லேன்னா சொல்லப் போறேன்?” என்பாய். மறுநாளும் செருமுவேன். மறுநாளும் நீ டீயோடு வருவாய்.

கையை எடுத்துக்கொண்டேன். மதிலருகே போய் நின்றேன். தொண்டையைச் செரும வந்ததை அடக்கிக்கொண்டேன்.

“ராணி, டீ போடறேன். ஒரு வாய் குடிச்சிட்டுப் போறியாம்மா?”

துணி உதறும் சத்தம் நின்றது. “இருங்க மாமா, இத காயப்போட்டுட்டு வரேன்.”

பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு அழுதேன். முப்பத்தாறு வருடத்தில் உன்னிடம் ஒரு நாள்கூட நான் இப்படிக் கேட்டதில்லை.