வளையம் நின்ற தூரம்

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. இங்கே நான் நலம். உன் கணவன் தானும் நலம் என்று சொல்லிக்கொள்கிறான். நீயும் உன் அண்ணன் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும் என்பது என் தினப்படி பிரார்த்தனை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ பாதியில் குறுக்கே பேசுவாய், எனக்குக் கோபம் வரும். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

நீ செய்து கொடுத்த மூக்குக்கண்ணாடி நன்றாகவே இருக்கிறது. இடது காதுப் பக்கம் மட்டும் சற்று அழுத்துகிறது. தெருமுனைக் கடையில் நிமிர்த்தித் தருவதாகச் சொன்னார்கள். நீ அளவெடுத்ததை இன்னொருவர் கையில் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. அழுத்தட்டும், பொறுத்துக்கொள்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீ வாசல்படி இறங்கியபோது என்னிடம் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. “அத்தை, தினம் நூறு பேருக்குக் கண்ணாடி மாட்டிவிடறவ நான். கண்ணாடின்னா கண்ணாடிதான். அதுக்கு மேல குடுக்கற காசெல்லாம் பேருக்குக் குடுக்கற காசு. நீங்களே சோதிச்சுப் பாருங்க. அந்த லென்ஸ் அந்த விலைக்குத் தகும்னு உங்க வாயால சொன்னா, நான் அப்புறம் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.” என்னை நடுவராக வைத்துவிட்டுப் போனாய். என் மகனுக்கு எதிரான வழக்கில் என்னையே நடுவராக வைத்த உன் துணிச்சலை நான் மெச்சினேன். நீ சொந்தமாகக் கடை வைக்கச் சேர்த்த பணத்தை எடுத்து, உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவன் அந்தக் கேமரா லென்ஸை வாங்கியது தப்பு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, சோதனையும் தேவையில்லை. லென்ஸ் எப்படிப்பட்டது என்பதுதான் மீதிக் கேள்வி.

சோதனையை முறைப்படி செய்தேன். எங்கள் பள்ளியில் விஞ்ஞானம் எடுத்த சிஸ்டர், இரண்டு பொருளை ஒப்பிடும்போது மற்றதெல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பிரம்பால் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வார். அதன்படியே, பக்கத்து ஸ்டுடியோக்காரரிடமிருந்து தானாக ஃபோகஸ் செய்யும் சாதாரண லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கினேன். அவரைத்தான் நீங்கள் இருவரும் சோடாபுட்டி என்று கூப்பிடுவீர்கள். மரியாதை இல்லாத பெயர்தான், ஆனால் இப்போது எனக்கும் அதுவே வாயில் வருகிறது. செய்தித்தாளில் ஆகப் பொடி எழுத்து மரண அறிவிப்புப் பக்கத்தில்தான் இருக்கும். அதைச் சுவரில் ஒட்டினேன். (அதில் மூன்று எழுத்துப்பிழைகள். செத்தவர்களுக்காவது சரியாக எழுதக் கூடாதா?) ஒரே ஸ்டாண்டு, ஒரே வெளிச்சம், ஒரே தூரம். இரண்டு லென்ஸாலும் எடுத்த படங்களைப் பிரிண்ட் போட்டு, எது எதுவென்று தனக்கு மட்டும் தெரியும்படி சோடாபுட்டி பின்னால் புள்ளி வைத்துக் கொண்டுவந்தார்.

பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். உன் கணவன் கதவில் சாய்ந்து, பரீட்சை முடிவுக்கு நிற்பவனைப் போல நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். இதுதான் மேல் என்று நான் எடுத்துக் கொடுத்தது சோடாபுட்டியின் இரவல் லென்ஸ் படம்! அந்த மனிதர், “பெரிய இடத்துப் பொண்ணும் சாதாரண இடத்துப் பொண்ணும் சமைச்சா சாம்பார் ஒண்ணாத்தான் இருக்கும்மா” என்று சொல்லிவிட்டு, இந்த நேரத்தில் சிரிக்கலாமா கூடாதா என்று என் முகத்தைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், மூலைகளில் இரவல் லென்ஸின் எழுத்துகள் மழையில் நனைந்த மாதிரி கலங்கியிருந்தன. உன் கணவனுடையதில் கடைசி மூலை எழுத்து வரைக்கும் காலை அணிவகுப்பில் நிற்கும் பிள்ளைகளைப் போல நிமிர்ந்து நின்றன. ஆனால் மூலையை யார் பார்க்கப் போகிறார்கள்? தீர்ப்பு உன் பக்கம் என்று அப்போதே எழுதப் பேனாவைத் திறந்தேன்.

அவன் வாதாடவில்லை. கேமராவை என் கையில் கொடுத்து, “சுவரைப் பாத்தது போதும்மா. ஜன்னலுக்கு வெளிய பாருங்க. இந்த வளையத்தை நீங்களே திருப்புங்க” என்றான்.

திருப்பினேன். அதை உனக்கு எப்படிச் சொல்வது? ஆட்டம் இல்லை, இறுக்கம் இல்லை. குளிர்காலத்துத் தேனில் கரண்டியைத் திருப்பினால் கை எப்படி உணருமோ அப்படி. முதலில் எல்லாம் வெறும் நிறமாக இருந்தது. இன்னும் சற்றுத் திருப்பியதும் ஜன்னல் கம்பியில் உரிந்த பெயின்ட் எழுந்து வந்தது. பிறகு கம்பி பனியாகக் கரைந்துபோக, கொடிக்கயிற்றில் தொங்கிய மழைத்துளிகள் வந்தன. ஒவ்வொரு துளிக்குள்ளும் எதிர்வீடு தலைகீழாக நின்றது. அதற்கும் பிறகு எதிர்வீட்டுக்காரியின் கையில் இருந்த துண்டின் நூல் நூலான ஓரம். இத்தனை வருஷம் நான் அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தது எல்லாம் ஒரே கும்பலாக, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தது. இப்போது ஒவ்வொன்றும் தன் முறை வரும்வரை காத்திருந்து, என் விரலுக்குக் கீழ்ப்படிந்து, ஒவ்வொன்றாக முன்னே வந்தது. உலகம் உண்டானபோது ஒரு கணம் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று தோன்றியது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றதாகச் சோடாபுட்டி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சுத்தப் பொய். லேசாகத் திறந்திருக்கலாம்.

இது தானாக ஃபோகஸ் செய்யாதென்றால், நாம் திருப்பாதபோது என்ன செய்யும் என்று சோடாபுட்டியிடம் கேட்டேன். “ஒண்ணும் செய்யாதும்மா. கடைசியா எந்தத் தூரத்தைப் பாத்துச்சோ அங்கேயே நிக்கும். தானா நகர அதுக்குள்ள மோட்டார் கிடையாது” என்றார். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பேனாவை மூடி வைத்தேன். காகிதத்தில் பார்த்தால் நீ சொன்னது சரி, கண்ணால் பார்த்தால் அவன் செய்தது புரிகிறது. இப்படி இரண்டு பக்கமும் தலையாட்டுகிற தீர்ப்பை எழுதி எனக்குப் பழக்கமில்லை. ஆகவே தள்ளிப்போட்டேன். அதற்குள் உன் கணவனே தீர்ப்பு எழுதிவிட்டான். சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, “அவ சொன்னதுதான் சரிம்மா. வித்துடறேன். ஆள் பாத்தாச்சு. கடைப் பணம் கடைக்கே போகட்டும்” என்றான். இரவல் லென்ஸை வைத்துக்கொண்டுதான் இப்போது வேலைக்குப் போகிறான். விற்பனைக்கு வரும் வீடுகளைப் படமெடுக்க அதுவே போதுமாம். இவனுடையது, சோதனை செய்த அந்தப் பழைய கேமராவில் மாட்டியபடி அவன் மேசைமேல் கிடந்தது.

நேற்றுக் காலை அவன் கிளம்பிய பிறகு மேசையைத் துடைக்கப் போனேன். வாங்க வருகிறவர் கொண்டுபோவதற்கு முன் இன்னொரு முறை அந்த மழைத்துளிகளைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை. ஆசைதான், மறைப்பானேன்? அவன் ஸ்டூலில் உட்கார்ந்து கேமராவைக் கண்ணில் வைத்தேன். வளையத்தைத் தொடவில்லை. எங்கும் ஒரே மூட்டம். அலமாரி மூட்டம், கதவு மூட்டம். கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்து மெல்லத் திரும்பினேன். அறை முழுக்க மூட்டமாக இருந்த நடுவில் ஒன்றே ஒன்று மட்டும் தெளிந்து நின்றது. உன் பிரம்பு நாற்காலி.

வேலைக்குப் போகுமுன் வெயிலில் உட்கார்ந்து தலை வாருவாயே, அந்த நாற்காலிதான். பிரம்பின் ஒவ்வொரு பின்னலும் எண்ணிவிடலாம்போல் இருந்தது. சாய்மானத்தின் பின்னலில் ஒரு நீள முடி சிக்கியிருந்தது, ஒற்றை முடி. வெயில் பட்டு அடி முதல் நுனிவரை மினுங்கிக்கொண்டிருந்தது. நான் தினமும் அந்த நாற்காலியைத் துடைக்கிறேன். இந்த வீட்டில் என் துணிக்குத் தப்பித் தூசி இருந்ததாக யாரும் சொன்னதில்லை. நீ செய்து கொடுத்த கண்ணாடியோடு கிட்டே போய்ப் பார்த்தேன். பிரம்பும் முடியும் ஒரே நிறமாகத் தெரிந்தன. திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன், இருந்தது.

சோடாபுட்டி சொன்னது அப்போதுதான் உறைத்தது. அன்று நான் திருப்பிவிட்டு வந்தது எதிர்வீட்டுத் துண்டுக்கு. அதற்குப் பிறகு யாரோ இந்த ஸ்டூலில் உட்கார்ந்து, இந்த நாற்காலி தெளியும்வரை வளையத்தை மெல்ல மெல்லக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். எடுத்த படங்களைப் பார்க்கும் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். மரண அறிவிப்புக்குப் பிறகு ஒரு படமும் இல்லை. படம் எடுப்பதற்காக அவன் பார்க்கவில்லை.

அவனிடம் இதைப்பற்றி நான் மூச்சு விடவில்லை. கேமராவை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டேன். மழைத்துளிகளை நான் பார்க்கவில்லை, பார்ப்பதானால் வளையத்தைத் திருப்ப வேண்டும். வாங்க வருகிறவருக்குப் போன் செய்து, வீட்டில் பெரியவள் ஒருத்தி இன்னும் சம்மதிக்கவில்லை, பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டேன். மகனிடம் கேட்காமல்தான் சொன்னேன். சொல்லாமல் செய்வது இந்த வீட்டு ரத்தத்திலேயே இருக்கிறது, என்ன செய்ய?

லென்ஸை விற்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் இருவர் பாடு. கடை உன் கடை, அது திறந்தே ஆக வேண்டும், அதில் நான் உன் கட்சி. நீ கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அந்தப் பெயருக்குக் கொடுத்த காசு வீணில்லை, பெண்ணே. நான் தினம் துடைத்தும் என் கண்ணுக்குத் தெரியாததை அது தெரிய வைத்தது. அதைவிட நல்ல கண்ணாடி உன் கடையில் இருந்தால் கொண்டுவந்து காட்டு, ஒத்துக்கொள்கிறேன்.

நாற்காலியை நான் நகர்த்தவில்லை. வளையத்தையும் தொடவில்லை. இரண்டுக்கும் நடுவே அவன் வைத்த தூரம் அப்படியே இருக்கிறது. நீ வந்து உட்கார்ந்தால் போதும், யாரும் எதையும் திருப்ப வேண்டியதில்லை.

கடவுள் உன் கண்ணையும் கையையும் காப்பாராக. வரும்போது என் கண்ணாடியை நிமிர்த்த அந்தச் சின்னக் குறடை மறக்காமல் எடுத்துவா.

உன் வருகையை எதிர்பார்க்கும்,
அத்தை