போதுமுங்க என்று சொன்ன ஊர்

கோபிசெட்டிபாளையம்
15 ஜூன் 2025

2055 வரைக்கும் ஊர் ஊராகத் தண்ணீர் பங்கு போடும் ஜெரால்டு இன்ஜினியர் அப்பாவுக்கு, ஹாஸ்டல் குழாயடியில் வாளியோடு வரிசையில் நிற்கும் மகள் எழுதுவது.

செல்போன் ஆகாத ஹாஸ்டலில் சேர்த்துவிட்டீர்கள். என் கையெழுத்தாவது உருப்படுகிறது. 'அமைதி காக்கவும்' பலகையைச் சமையலறை மிக்சிக்கு மேலே மாட்டியது நானில்லை. வார்டனிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

நேற்று ரூம்மேட் தேஜஸ்ரீயின் ஊருக்குப் போனேன். கருக்கம்புதூர். சத்தியமங்கலத்து ஆற்றிலிருந்து கோயம்புத்தூருக்கு நீங்கள் கொண்டுவரப்போகும் பெரிய குழாய் இந்த ஊருக்குள்தான் போகிறதாம். ஊருக்கு ஒரு சொட்டும் கிடையாதாம்.

தேஜஸ்ரீயின் அம்மா எனக்கு அண்டா நிறையச் சுடுதண்ணீர் போட்டார். நன்றாக ஆட்டம் போட்டுக் குளித்தேன். வெளியே வந்தால் அவர் குடத்தோடு கிளம்புகிறார். தூரத்தில் ஒரு தோட்டத்துக் கிணற்றுக்கு! வீட்டில் இருந்த தண்ணீர் முழுக்க என் தலையில்.

"ஏனுங்கத்தை, சொல்லியிருந்தா காக்கா குளியலா முடிச்சிருப்பேனே" என்றேன்.

"வந்த புள்ளகிட்ட தண்ணியில்லீனு சொல்றதாக்கும்? போ கண்ணு" என்றார்.

அப்பா, தண்ணீர் போதுமா என்று சர்வே எடுக்கப் போகிறவர்களும் வந்தவர்கள்தானே?

லின்சி


கோயம்புத்தூர்
19 ஜூன் 2025

அன்புக் கண்ணு லின்சிக்கு,

மிக்சி சமாச்சாரத்தை வார்டன் முன்பே போனில் சொல்லிவிட்டார். நான் சிரித்ததை அவரிடம் சொல்லிவிடாதே.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பழைய சர்வேயை எடுத்துப் பார்த்தேன். 'குடிநீர் போதுமா?' என்ற கேள்விக்குக் கருக்கம்புதூரில் எல்லா வீட்டிலும் 'போதும்'. அந்த ஊருக்குப் போனதே நான்தான். மோர் கொடுத்தார்கள், குடித்தேன். பற்றாக்குறை இல்லாத ஊர் என்று குறித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கடைசிக் கூட்டம். அதோடு முப்பது வருடத்துக்குத் தண்ணீர்ப் பங்கு முடிவாகிவிடும். இப்போது ஓர் ஊர் தப்பு என்றால் மற்ற ஊர்களையும் சந்தேகப்படுவார்கள். பின்னால் திருத்திக்கொள்ளலாம். ஆறு ஒன்றுதானே கண்ணு, கேட்கிற வாய் எத்தனை.

நன்றாகச் சாப்பிடு.

அப்பா


கோபிசெட்டிபாளையம்
22 ஜூன் 2025

அப்பாவுக்கு,

பின்னால் என்றால் எப்போது? 2055-இல் எனக்கு நாற்பத்தாறு வயது. அத்தைக்குக் குடம் தூக்க இடுப்பு இருக்குமா?

இன்று தேஜஸ்ரீயைப் பார்க்க அவர் வந்திருந்தார். சர்வேக்கு வந்தவரை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். "கண்ணாடி போட்ட சாருங்களா? வேகாத வெயில்ல வந்தாரு, பாவம். அவருகிட்டப் போயி நம்ம கொறையச் சொல்லுவாங்களா?" என்றார்.

அந்த சார் என் அப்பா என்று சொல்ல, வாயாடி எனக்கு வாய் வரவில்லை. கண்ணில் வாய்க்கால்தான் வந்தது.

நம் பக்கத்து ஆட்களிடம் 'போதுமா' என்று கேட்டால், பந்தியில் இலைக்கு மேல் கை மறைத்துச் சொல்கிற மாதிரி 'போதுமுங்க' என்றுதான் வரும். உங்களுக்குத் தெரியாதா? நீங்களும் இந்தப் பக்கம்தானே. நேற்றுத் தண்ணீருக்கு எங்கே போனீர்கள் என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்?

வெள்ளிக்கிழமை இன்னும் வரவில்லை அப்பா.

லின்சி


கோயம்புத்தூர்
2 ஜூலை 2025

அன்புக் கண்ணுக்கு,

கூட்டத்தில் எழுந்து, "கேள்வியே தப்புங்க சார். கேட்டது நானுங்க" என்றேன். "அப்ப மத்த ஊரு?" என்றார் மேலதிகாரி. "அதுவும் தப்பாத்தான் இருக்கோணுங்க." உன் பலகையை அங்கே மாட்டவே தேவையில்லை, அப்படி ஓர் அமைதி.

திட்டத்தை மூன்று மாதம் தள்ளிவைத்துவிட்டார்கள். என்னிடமிருந்த தலைமைப் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. வாய்க்கால் பாயாத மேட்டாங்காட்டு ஊர்களையெல்லாம் நானே மறுபடி நடந்து கேட்டு வரவேண்டும். தண்டனை என்று ஆபீசில் பேசிக்கொள்கிறார்கள். 12-ஆம் தேதி சனிக்கிழமை கருக்கம்புதூரில் தொடங்குகிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அந்த ஊருக்குக் குழாய் வரும் என்று இப்போதும் என்னால் உறுதி தர முடியாது. வந்தாலும் கோயம்புத்தூர் பங்கில்தான் கை வைக்க வேண்டும். நம் வீட்டுக் குழாயும் அதில் சேர்த்தி. உனக்குச் சம்மதமா?

அப்பா


கோபிசெட்டிபாளையம்
6 ஜூலை 2025

பதவி இறங்கி என் மனசில் ஏறிய அப்பாவுக்கு,

நம் வீட்டுக் குழாய் என்றதும் 'பக்'கென்றது. ஊருக்காகச் சண்டை போட்டபோது அது நினைவுக்கே வரவில்லை. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். சம்மதம். லீவுக்கு வந்தால் ஷவரில் கச்சேரியை ஒரு பாட்டோடு முடித்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை வெளியே போக அனுமதி கேட்டேன். காரணம் என்ற இடத்தில் 'அப்பாவுக்குத் தண்ணி காட்ட' என்று எழுதினேன். "அது உனக்குப் புதுசா?" என்று வார்டன் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இன்று அத்தை வந்தார். அந்தக் கண்ணாடி சார் யார் என்று சொல்லிவிட்டேன். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். எனக்குப் பயமாகிவிட்டது.

அப்புறம் சொன்னார்: "வெடியால கோழி கூப்பிடறப்பவே வரச்சொல்லு கண்ணு. ஊட்டுல உக்காந்து கேட்டா மறுக்காவும் போதுமுங்கன்னுதான் வாயில வரும். கெணத்துக்குக் கூடவே நடந்து வரட்டும். போற வழியில எல்லாத்தையும் சொல்லிப்போடறேன்."

லின்சி